சென்னியப்பன் காத்த படல்

கரட்டுமேட்டு மடத்துக்கு அதுவரைக்கும் கதவு என்று ஒன்று கிடையாது. கிளுவை வேலியில் ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு இடைவெளி, அவ்வளவுதான். பால் வற்றிய மாட்டை ஓட்டிவந்து விடுகிறவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமையானால் அகத்திக்கீரைக் கட்டோடு பாதி ஊர் மாடு கட்டும் கட்டுத்தரையில் நிற்கும். போ என்று யாரையும் சொன்னதில்லை என்பதுதான் அந்த மடத்துக்கு இருந்த ஒரே பெருமை.

மடத்தின் தலைவி பாவாயி அம்மை. நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம் ஆகியிருக்கும். அவருடைய சீடர் சென்னியப்பன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆயுசில் பெரும்பகுதி சந்தை சந்தையாக மாட்டுத் தரகு பார்த்து அலைந்த மனிதர். மனைவி போன பிறகு தோளில் ஒரு துண்டோடு வந்து, "சாணி வழிக்கறதுக்காச்சும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா" என்று உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அம்மை அவரை அண்ணா என்பார். அவர் அம்மையைச் சாமி என்பார். இதைக் கேட்டு வாய்க்குள் சிரிக்கிறவர்கள் உண்டு. இருவரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்த கையோடு சுற்றுவட்டாரத்தில் கோமாரி வந்தது. வாயிலும் குளம்பிலும் புண். நூல் நூலாக எச்சில். வளர்ந்த மாடு நொண்டி, பட்டினி கிடந்து, எப்படியோ தப்பிவிடும். பால்குடிக் கன்று தப்புவது அரிது. நின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்துவிடும்.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார்.

"ஊசி ஒடம்புல பிடிக்க நாளாகும். பொடிக் கன்னுகளுக்கு இப்பப் போட முடியாது," என்றார். "அதுங்களுக்கு உங்க வேலிதான் ஊசி. ஆனா உங்க வேலியில வண்டி போற அளவுக்கு ஓட்டை இருக்குது."

அவர் போன பிறகு சென்னியப்பன் அம்மையிடம் வந்தார்.

"நோவை எப்படிங்க சாமி உள்ள வுடாம வெக்கறது?"

"அதுக்கு எத்தனை காலுங்ணா?"

"எதுக்குங்க?"

"நோவுக்கு."

சென்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு ஏதுங்க காலு."

"அப்ப அது யாரு காலுல வருதுன்னு பாருங்க. பார்த்துட்டுப் படல் ஒண்ணு கட்டிக்குங்க. இனி இங்க யாரு வர்றது, எது வர்றது எல்லாம் உங்க சொல்லு. எனக்கும் சேர்த்துத்தான்."

அன்று பொழுது முழுக்க அவர் அந்த இடைவெளியில் குந்தியிருந்தார். யாரையும் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பால்காரரின் செருப்பு போனது. பத்து வீட்டில் இறக்கி வைத்த பால் கேன் போனது. சோளத்தட்டு வண்டியின் சக்கரம் எந்த ஊர்ச் சேற்றையோ அப்பிக்கொண்டு வந்தது. இரவல் போன மூக்கணாங்கயிறு திரும்பி வந்தது. யார் வீட்டு நாயோ வந்து தண்ணித்தொட்டியில் நக்கிவிட்டுப் போனது. இத்தனை வருஷமும் இவ்வளவுமா வந்துகொண்டிருந்தது என்று அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

மறுநாள் அந்த இடைவெளியில் மூங்கில் படல் ஏறியது. அதன் காலடியில் தாண்ட முடியாத அகலத்துக்குக் குழி வெட்டி, சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினார். பால்காரர் வெளியிலேயே நிற்க வேண்டும், மடத்துக் கேனிலிருந்து அவர் கேனுக்குப் பால் மாறும். வெளியிலிருந்து சோளத்தட்டு வேண்டாம், சொந்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லே போதும். புல் அறுக்க ஊரிலிருந்து வரும் நாச்சிமுத்து படலோரத்துச் சாளைக் குடிசையில் குளித்து, மடத்து வேட்டி கட்டிக்கொண்டுதான் கட்டுத்தரைக்குள் கால் வைக்கலாம். காற்று வெளியே போகிற மூலையில் ஒரு கொட்டகை. ஏதாவது நோவு கண்டால் அங்கே போக வேண்டும். அங்கே போன ஆள் இங்கே வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை கீரைக் கட்டோடு வந்தவர்கள் படலைப் பார்த்து நின்றுபோனார்கள்.

"இது மடமா, சப்ஜெயிலா?" என்றார் ஒருவர்.

"ரெண்டும்தானுங்க," என்றார் சென்னியப்பன்.

"கீரையாச்சும் வாங்கி வீசுய்யா. புண்ணியம் போவுது."

"உங்க வீட்டு ஆட்டுக்கே போடுங்க. அதும் வாயைத் தொறந்துதான் இருக்குது."

"ஏய்யா, மாடு வித்தவன் கையில மடத்தைக் குடுத்தா இப்படித்தான்."

அவர் குழிக்கு இன்னொரு வாளி சோடாத் தண்ணீர் ஊற்றினார். படலைத் திறக்கவில்லை.

இன்னொரு நாள் அம்மை துக்கம் கேட்கப் போய்த் திரும்பினார். தூரத்தில் தலை தெரிந்ததுமே சென்னியப்பன் ஓடிப் படலைத் தூக்கி ஓரமாக நின்றுகொண்டார். அம்மை உள்ளே வரவில்லை. வெயிலில் அப்படியே நின்றார்.

"வாங்க சாமி."

"கேக்க வேண்டியதைக் கேளுங்ணா."

"சாமிகிட்டப் போயி என்னத்தைங்க..."

"காலு எங்க போயிட்டு வருதுன்னு."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"கறவை செத்த வீட்டுக்கு," என்றார் அம்மை. பிறகு குழியில் இறங்கி நின்றுவிட்டு, சாளைக்குள் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு சேலையில் வந்தார். அன்றிலிருந்து சென்னியப்பனுக்குப் படலில் யாரைப் பார்த்தும் கூச்சம் வரவில்லை.

கூச்சம் வரவில்லை, ஆனால் துக்கம் வந்தது. கீழ்க்காட்டு ராமாத்தாள் ஒரு கிடாரியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கு வந்தது. ஒண்டிக்கட்டை. அந்தக் கிடாரி ஒன்றுதான் அவளுக்குச் சொத்து, சொந்தம் எல்லாம்.

"பக்கத்துக் கட்டுத்தரையில ரெண்டு விழுந்துருச்சு சென்னியப்பா. இதை உள்ள கட்டிக்க. நான் சாளையோரம் எங்கியாச்சும் படுத்துக்கறேன்."

"ஆகாதுங்கக்கா."

"ஒரு மூலையில கட்டு. என் கண்ணுல படவே வேண்டாம்."

"மூலை எல்லாம் கன்னுகளுக்குப் பக்கத்துலதான் இருக்குது."

ராமாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நோவு வந்தா மாடு போற எடம் மடம்னு நெனச்சேன். நோவு வந்தா மூடற எடம்னு எனக்குத் தெரியாது."

சென்னியப்பன் படலைத் தூக்கினார். வெளியே வந்து கிடாரியின் பக்கத்தில் நின்றார். மயிலைக் கிடாரி, திமிலும் கொம்பும் எழுதி வைத்த மாதிரி.

"அருமையான உருப்படிங்கக்கா. ரெண்டு பல்லு. வாயும் சுத்தமா இருக்குது, பயப்படாதீங்க. எங்கியும் நடத்தாம வீட்டுலயே தனியாக் கட்டுங்க," என்று சொல்லி ஒரு பொட்டலம் சோடாவையும் கொடுத்தார். கரைப்பது எப்படி என்றும் சொன்னார்.

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சென்னியப்பன் குழியில் இறங்கி வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றார். கல்லாக நிற்பது சுலபமில்லை, இருந்தாலும் நின்றுவிட்டோம் என்று மனசு கனத்துக் கிடந்தது. அந்தக் கனத்தோடு கட்டுத்தரைக்குப் போனார். அங்கே சிட்டு கத்திக்கொண்டிருந்தது. பிறந்த அன்றே தாயைப் பறிகொடுத்த கன்று அது. பால் பாத்திரத்துக்குள் அவர் விரலைப் பிடித்துச் சப்பினால்தான் பால் இறங்கும். இன்னொருத்தர் விரலைத் தொடாது. அவர் உட்கார்ந்து பால் ஊட்டினார். வயிறு நிறைந்த பிறகும் அது விரலை விடவில்லை. அவரும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் சிட்டு எழுந்திருக்கவில்லை. உதட்டில் நுரை. சென்னியப்பன் விரலை நீட்டினார். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் கீழே வைத்தது. வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு கன்றுகள். பிறகு கறவைகளில் இரண்டு எச்சில் வடித்து நின்றன. அவற்றை மூலைக் கொட்டகைக்கு ஓட்டினார்கள். பாவாயி அம்மை ஒரு பாயை எடுத்துக்கொண்டு அவற்றோடு போய்விட்டார். போன ஆள் திரும்பி வரக்கூடாது என்பது சட்டம்.

சென்னியப்பன் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிக் கன்றுகளைப் புதைத்தார். மேலே வந்தபோது புல்லுக்கட்டோடு நாச்சிமுத்து நின்றிருந்தான்.

"நீதான்டா."

"என்னங்ணா?"

"தெனமும் ஊருக்குள்ள போயி வர்ற ஆளு நீ ஒருத்தன்தான். குளிச்சேன்னு தலையை மட்டும் நனைச்சுக்கிட்டு வந்துட்ட."

"சத்தியமாக் குளிச்சனுங்ணா. சோப்புப் போட்டுக் குளிச்சேன்."

"மூணு கன்னு மண்ணுக்குள்ள கெடக்குது. சத்தியம் பண்ணாத."

படலுக்கு வெளியே பால் வாங்க நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து புல்லுக்கட்டை இறக்கி வைத்தான். சாளைக்குள் போய்த் தன் வேட்டிக்கு மாறினான். மடத்து வேட்டியை உதறி மடித்துப் படல்மேல் போட்டான். போகிற போக்கில் குழியில் கால் நனைத்துவிட்டுத்தான் போனான். வெளியே போகிறவன் நனைக்கத் தேவையில்லை. பழக்கம்.

அதைப் பார்த்த பிறகு சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மூலைக் கொட்டகை அருகே போனார். நடுவில் வேலி. பத்தடிக்கு இப்பால் நின்றுகொண்டார். அம்மை ஒரு கறவையின் வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்க ஓட்டை வெச்சேன்னு தெரியலீங்க சாமி."

"நாச்சிமுத்துன்னு சொன்னதாக் கேள்விப்பட்டேன்."

"சொன்னனுங்க. மனசு ஒப்பலை."

"அப்ப படலுக்கு யாரு யாரு வந்தாங்க, சொல்லுங்ணா. கேட்டுட்டே இருக்கேன்."

சென்னியப்பன் சொன்னார். பால்காரர் வந்தது, கேனைத் தொடாமல் பால் மாறியது. கீரைக்காரர்கள் வந்தது, திட்டிவிட்டுப் போனது. நாயைத் துரத்தியது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருக்கே தெம்பு வந்தது. எங்கேயும் பிசகு இல்லை.

"அப்புறம் ராமாத்தா வந்தாங்க. கிடாரியை உள்ள கட்டச் சொல்லி. நான் வுடலீங்க."

"அது இப்ப எப்படி இருக்குதாம்?"

"விழுந்துருச்சுன்னு பால்காரர் சொன்னாருங்க. இங்க வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வாய் சுத்தமா இருந்துச்சு."

"சுத்தம்னு எப்படிங்ணா தெரிஞ்சுது?"

"பார்த்தனுங்களே. இப்படித்தான் பக்கத்துல போயி..."

அவர் கை மேலே எழுந்தது. எதிரே கிடாரி நிற்பதுபோல இடக்கை மூக்கணாங்கயிற்றைப் பிடித்தது. வலக்கைக் கட்டைவிரல் உதட்டை மேலே தூக்கியது. மற்ற இரண்டு விரல்கள் கடைவாய் வழியாக உள்ளே போய், நாக்கைப் பிடித்து ஓரமாக இழுத்து, பல்லை எண்ணின. எத்தனையோ சந்தைகளில், எத்தனையோ ஆயிரம் வாய்களில் செய்த வேலை. அதைச் செய்வதற்கு அவர் தேவைப்படவில்லை. கை தானே செய்துகொண்டது.

செய்து முடித்த கை காற்றில் அப்படியே நின்றது. சென்னியப்பன் அதைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த விரல்களை விடாமல் சப்பிக்கொண்டிருந்த சிட்டின் சொரசொரப்பான நாக்கின் தொடுகை இன்னும் அவற்றில் ஒட்டியிருந்தது.

"புண்ணு வர்றதுக்கு முன்னயே எச்சில்ல இருக்குமுங்களா சாமி?"

"இருக்குமுன்னுதான் டாக்டரு சொல்றாரு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைக்கவும் மனமில்லை, மண்ணில் ஊன்றவும் மனமில்லை. தன்னோடது இல்லாத ஒன்றைப் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். கறவை நொண்டி நொண்டி வந்து வேலியோரம் நின்றது. அம்மை அதை மெதுவாகப் பின்னால் தள்ளினார்.

பிறகு சென்னியப்பன் எழுந்து நின்றார்.

"நான் நாச்சிமுத்து வீட்டுக்குப் போறனுங்க," என்றார் சென்னியப்பன். "நாலு பேரு பார்க்கத் தொரத்துனேன். நாலு பேரு பார்க்கவே கூட்டியாறேன்."

"முதல்ல அதைச் செய்யுங்க."

"படலையும் அவங்கிட்டயே குடுத்துருங்க சாமி. போகும்போது கூட காலை நனைச்சுட்டுப் போனவன் அவன். நான் எல்லார்த்து காலையும் பார்த்தேன். என் கையைப் பார்க்கலை. கன்னு கொன்ன கை இனிமேல் படலைத் தொடக்கூடாது."

அம்மை தேன் கிண்ணத்தை மூடிவைத்தார். சட்டியில் கரைத்திருந்த சோடாத் தண்ணீரில் முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவிக்கொண்டார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே அவரைப் பார்த்தார்.

"படல் உங்ககிட்டயே இருக்கட்டுங்ணா."

"அவன் என்னைவிடச் சுத்தக்காரன் சாமி."

"இருக்கலாம். ஆனா அவனுக்கும் ரெண்டு கை இருக்குது. அது அவனுக்கு இன்னம் தெரியாது."