கிணற்றில் குதித்த பிடரியப்பன்

முள்ளிக்காட்டில் பிடரியப்பன் என்றொரு சிங்கம் இருந்தது. ஆற்று மீன்தான் அதற்குச் சாப்பாடு. தொண்டையில் முள் சிக்கினால் செருமும். காடே கிடுகிடுக்கும்!

"ராஜாவுக்குப் பசி!" என்று மிருகங்கள் நடுங்கின. கூடிப் பேசி, தினம் ஒருவராக முறை வைத்துக் குகைக்கு அனுப்பின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா!

சிங்கத்துக்கோ தலைகால் புரியவில்லை. பேச்சுத்துணைக்கு ஆள் வருகிறதே! முதலில் மான் வந்தது.

"வாம்மா, உட்கார்! சாப்பிட்டாயா?" என்று வாய் நிறையச் சிரித்தது சிங்கம்.

அத்தனை பல்லும் தெரிந்தது. மான் ஒரே ஓட்டம்! முறை தவறியதற்குக் காடே ஏசுமே என்று வீடு திரும்பாமல் எதிர்மலையில் ஒளிந்துகொண்டது. மறுநாள் பன்றியும் அப்படியே. அதற்கடுத்துக் கரடியும் அப்படியே. எல்லாரையும் சிங்கம் தின்றுவிட்டது என்று காடு ஒப்பாரி வைத்தது.

அடுத்த முறை முயலுக்கு. அது ஒரு தந்திரத்தோடு போனது.

"மகாராஜா! கிணற்றுக்குள் இன்னொரு சிங்கம்! உங்களைச் சண்டைக்குக் கூப்பிடுகிறது!"

"இன்னொரு சிங்கமா! அடடா, வா, போய்ப் பார்க்கலாம்!"

வாலைச் சுழற்றிக்கொண்டு துள்ளி ஓடிய சிங்கம், கிணற்றை எட்டிப் பார்த்தது.

"ஐயோ பாவம், தவறி விழுந்துவிட்டான்! வாயைத் திறந்து கத்துகிறான், சத்தம்கூட வரவில்லை! பயப்படாதே தம்பி, இதோ வந்துவிட்டேன்!"

தொபுக்கடீர்!

முயல் குட்டிக்கரணம் போட்டது. "ஒழிந்தான்! ஒழிந்தான்!"

உள்ளிருந்து குரல் வந்தது. "முயல் தம்பி! அவனைக் காணோம்! முழுகிவிட்டான் போலிருக்கிறது!"

முயல் திடுக்கிட்டது. "உமக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது! கல்லைப் பிடித்திருக்கிறேன், வழுக்குகிறது. முதலில் அவனைத் தேடு!"

"எங்கள் மானைத் தின்ற நீரா அவனைக் காப்பாற்றக் குதித்தீர்?"

"தின்றேனா? உட்காரச் சொன்னேன், ஓடிவிட்டாள்! எதிர்மலையில்தானே மேய்கிறாள், கூப்பிட்டுக் கேள்!"

முயல் மலையைப் பார்த்துக் கத்தியது. புதரிலிருந்து மான் தலை நீட்டியது. பன்றியும் கரடியும் நீட்டின! முயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஓடி வாருங்கள்! நல்லவரைக் கிணற்றில் குதிக்க வைத்துவிட்டேன்!"

எல்லாரும் உருண்டு புரண்டு இறங்கி வந்தார்கள். காட்டுக்கொடியைக் கிணற்றில் விட்டு இழு இழு என்று இழுத்தார்கள். சிங்கம் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

வந்ததும் வராததுமாக, "அவன் எங்கே?" என்று மறுபடியும் எட்டிப் பார்த்தது. மற்றவர்களும் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் சிங்கம், மான், பன்றி, கரடி, முயல் என்று வரிசையாக முகங்கள் தெரிந்தன.

"அடேயப்பா! இத்தனை பேரா விழுந்து கிடக்கிறார்கள்!" என்று சிங்கம் குதிக்கக் கிளம்பியது.

நால்வரும் பாய்ந்து அதன் வாலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பல்லைக் கண்டதும் ஓடிவிட்டால் அது சிரிப்பு என்று தெரியவே தெரியாது. நின்று இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.