ஒற்றை விரலுக்கான இயந்திரம்

"இதைவிட லேசான சிஸ்டம் இருக்கா டீச்சர்?"

பழைய கணினியை மேசைமேல் இறக்கியபடியே வேலாயுதம் கேட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரெஜினாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் டீச்சர்.

ஊர் தூக்கிப்போட்ட கணினிகளை எழுப்பக் கற்றுக்கொடுப்பவள் ரெஜினா. அவளுடைய அறையில் ஒரு வழக்கம் இருந்தது. இயந்திரம் எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இயக்கிய பின், அது எழும்வரை கைகளை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

சேர்ந்த நாளில் வேலாயுதம் சொன்ன வாக்கியம்: "என் வீட்டுக்காரி பேசணும்."

சண்பகத்துக்கு நோயில் உடல் முழுவதும் அடங்கிவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. சுட்டுவிரல் ஒன்று மிச்சம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நகரும். வேண்டியது வரும்போது சுவிட்சை அழுத்துவாள். சேர்ந்த சொல்லைக் கணினி உரக்கச் சொல்லும்.

அந்தச் சுவிட்சு பழைய கணினியின் பிரிண்டர் துளையில் மட்டுமே பொருந்தும். புதியவற்றில் அந்தத் துளை இல்லை. அதனால் இருப்பதிலேயே லேசான சிஸ்டத்தை, கணினியை இயக்கும் மென்பொருளை, அவரைக்கொண்டே அதில் ஏற்றவைத்தாள் ரெஜினா. சண்பகம் பேசினாள். ஃபேனைக் குறைக்கச் சொன்னாள். அவரைச் சவரம் செய்துகொள்ளச் சொன்னாள்.

இப்போது பாதிச் சொல்லில் நின்றுவிடுகிறது என்றார் வேலாயுதம். வயசான மெஷின், அதை என்ன சொல்ல. சண்பகம் சுவிட்சைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

"கண்ணையும் மூடிக்கிடுதா டீச்சர்."

ரெஜினா இயக்கினாள். இருவரும் கைகளை மடியில் வைத்தார்கள்.

தெருவில் தண்ணீர் லாரி வந்தது. குடங்கள் நிரம்பின. லாரி போயிற்று. பிறகு திரை எழுந்தது.

கல்யாணப் படம். அது மறைந்து கொடைக்கானல். ஓரத்தில் கடிகாரம், மழை நிலவரம், தீபம் அசையும் முருகன். அடியில் பாட்டுப் பெட்டி.

"என்ன சார், கல்யாண மண்டபமா இது?"

"அவளுக்குப் பொழுது போகணும்லா."

ரெஜினா சுவிட்சை எடுத்து அவர் விரலுக்கடியில் வைத்தாள்.

"எங்கிட்ட தண்ணி கேளுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

எழுத்துகள் நகர்ந்தன. 'த' வந்தபோது அழுத்தினார். படம் மாறிக்கொண்டிருந்தது. கணினிக்கு உறைத்தபோது ஒளி 'ந'வில் இருந்தது. அழித்தார். திரும்ப அழுத்தினார். தீபம் அசையாமல் நின்றது. எல்லாமே நின்றது.

அவருக்கு நெற்றி வியர்த்தது. ரெஜினா மேசையில் இருந்த தண்ணீர்த் தம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இதெல்லாம் அக்கா கேட்டாங்களா?"

"இல்ல."

"எப்ப ஏத்துனீங்க?"

வேலாயுதம் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் சண்பகம் 'குழாயை எடுத்து' என்று தொடங்கினாளாம். அது 'எடுத்துவிடு' என்று முடிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"பிளக்கைப் புடுங்கிட்டு, கரண்டு போயிட்டுன்னேன்," என்றார். "ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு."

மறுநாளும் அவள் அதையே தொடங்கினாள். தினமும் பிளக்கைப் பிடுங்க முடியாது. மெஷின் தானாகவே திணறி நிற்கட்டும் என்று அவர் பாட்டை ஏற்றினார். பிறகு படங்களை.

"எடுத்துக் கழுவச் சொல்லியிருக்கலாம்," என்றாள் ரெஜினா.

"இருக்கலாம்."

"கேட்டீங்களா?"

அவர் சுவிட்சை மேசைமேல் வைத்தார்.

ரெஜினா நீக்கத் தொடங்கினாள். முருகன் போனார். மழை போயிற்று. கொடைக்கானல் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைக்கும்வரை காத்திருந்தாள். கல்யாணப் படத்துக்கு வெகுநேரம் ஆயிற்று.

"பாட்டு மட்டும் கிடக்கட்டுமே டீச்சர்."

"மெஷின் எதுக்குன்னு சொல்லுங்க."

பாட்டை அவரே நீக்கினார்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்துகள். வேறொன்றும் இல்லை.

ரெஜினா தம்ளரை அவரிடம் நீட்டினாள். அவர் குடிக்கவில்லை.

வீட்டில், சுவிட்சைச் சண்பகத்தின் விரலுக்கடியில் வைத்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இயக்கினார். நாற்காலியை இழுப்பதற்குள் அது எழுந்துவிட்டது.

சண்பகம் கண்ணைத் திறந்தாள். வெறும் திரையைப் பார்த்தாள். பிறகு அவரை.

விரல் அசைந்தது.

"குழாயை," என்றது கணினி.

வேலாயுதம் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.