பிள்ளைக் கணக்கை மீறிய தாலாட்டு

அந்தக் காலத்தில், வானத்தில் இருந்தவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, சுருளிகள் என்றொரு குலம் இருந்தது. நம்முடைய பால்வெளி இருக்கிறதே, அதைப் போல வளைந்த கைகளை விரித்துக்கொண்டு மெல்லச் சுற்றும் நட்சத்திர மண்டலங்கள்தான் சுருளிகள். எல்லோரும் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் குளிர்ந்த வாயு இருக்கும். அது திரண்டுதான் புது நட்சத்திரங்கள் பிறக்கும். மடியில் வாயு இருக்கும்வரை பிள்ளை உண்டு. வாயு போய்விட்டால் அவ்வளவுதான், பழைய நட்சத்திரங்கள் மங்குவதைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிறந்த பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடுவது அவர்கள் வழக்கம். நம் காதுக்குக் கேட்கிற பாட்டு இல்லை, ரேடியோவில் மட்டும் பிடிபடுகிற பாட்டு. சுருளிகளின் உடம்பெங்கும் காந்த இழைகள் ஓடுகின்றன. பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து தெறிக்கும் துகள்கள் அந்த இழைகளில் ஓடும்போது பாட்டு தானாகக் கிளம்பும். ஆகவே பிள்ளை எத்தனையோ, பாட்டும் அத்தனை. அதில் கூட்டிக் குறைத்துச் சொல்ல யாராலும் முடியாது. எத்தனை தூரத்தில் இருந்தாலும் பாட்டைக் கேட்டே, அவளுக்கு இந்த முறை நிறைய, இவளுக்குக் கொஞ்சம் குறைச்சல் என்று பேசிக்கொள்வார்கள். அடுத்த வீட்டுச் சமாச்சாரம் பேசுவதில் வானத்துப் பெண்களும் நமக்கு இளைத்தவர்கள் இல்லை.

ஆளில்லாத ஒரு மூலையில் கொடியாள் என்ற சுருளி இருந்தாள். அவளுக்குத் துணை பக்கத்துக்காரி ஆம்பல் மட்டும்தான். இருவருக்கும் அந்த மூலையில் பிள்ளைகள் மெதுவாகத்தான் பிறந்தன. கொடியாளின் அக்கா முகிலாயி எப்போதோ பெருங்கூட்டத்துக்குப் போய்விட்டாள். ஆயிரக்கணக்கான மண்டலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம் அது. போனவள் ஒரு சேதியும் அனுப்பவில்லை.

ஒருநாள் அந்தத் திசையிலிருந்து பாட்டு வந்தது.

"அடியே கொடியா, இது உங்கக்கா குரல்தானே?" என்று கேட்டாள் ஆம்பல்.

"அக்காதான். ஆனா இவ்வளவு ஓங்கி அவ பாடி நான் கேட்டதே இல்ல."

"மடி கொள்ளாம பிள்ளைங்க பிறந்திருக்கும் போல. நாம இங்க கிடந்து என்னத்தக் கண்டோம்? வா, போயிடலாம்."

கொடியாளுக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. தாலாட்டு என்றால் நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கும். இந்தப் பாட்டு மூச்சே வாங்கவில்லை. ஆனாலும் பாட்டு பொய் சொல்லாது என்பது அவர்கள் பிறந்ததிலிருந்து அறிந்த விஷயம். அதை எப்படிச் சந்தேகப்படுவது?

"நான் முன்னாடி போய்ப் பார்க்கிறேன்" என்றாள். "என் பாட்டு பழையபடியே கேட்டா நீ இங்கேயே இரு. ஓங்கிக் கேட்டா, அங்க பிள்ளைங்களுக்குக் குறைவில்லன்னு அர்த்தம். கிளம்பி வந்துடு."

"ஓங்கிக் கேட்கணும்னு வேண்டிக்கிறேன்" என்றாள் ஆம்பல், பாவம்.

கொடியாள் கிளம்பினாள். முதலில் அவளாக நகர்ந்தாள். போகப் போக நகர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பெருங்கூட்டத்தின் கனம் அவளைப் பிடித்து இழுத்தது. சும்மா ஒருமுறை நின்று பார்ப்போம் என்று நினைத்தாள். நிற்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு முதல் பயம் தட்டியது.

பிறகு முகத்தில் சூடு பட்டது. பெருங்கூட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அனல் நிறைந்திருந்தது. அந்த அனல் அசையாமல்தான் கிடந்தது. ஆனால் ஓடுகிற பேருந்தின் ஜன்னலில் கையை நீட்டினால் காற்று அறைகிறதே, அப்படி அவள் விழுகிற வேகமே அவளுக்குக் காற்றாகிவிட்டது. அது அவள் மடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தது.

வழியில் பெருங்கூட்டத்துப் பெரியவர்கள் தென்பட்டார்கள். உருண்டை உருண்டையாய், சிவந்துபோய், கைகளே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பாடவில்லை.

"வாம்மா. இடம் இருக்கு, வந்து உட்காரு" என்றார் ஒருவர், மிகவும் அன்பாக.

"உங்க பிள்ளைங்க எங்க?" என்று கேட்டாள் கொடியாள்.

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "பிள்ளைங்கன்னு எதக் கேக்குறா?" என்றார். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை. பிறகு முதலாமவர், "எங்களுக்கும் ஒரு காலத்துல உன்ன மாதிரி கை இருந்துச்சுன்னு சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து இன்னொன்று நடந்தது. அவளுடைய பாட்டு ஏறத் தொடங்கியது. புதிதாக ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. ஆனால் முகத்தில் அறைகிற காற்று அவளுடைய காந்த இழைகளை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கியது. இழை இறுக இறுகக் குரல் ஓங்கியது. முன்பக்கம்தான் அதிகம். தான் பாடாத பாட்டு தன்னிடமிருந்தே கிளம்புவதை அவள் கேட்டாள்.

"கொடியா" என்றது ஒரு குரல். முகிலாயி.

அக்காவை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. கைகள் பாதி உதிர்ந்திருந்தன. மடியில் ஒரு பிடி வாயு ஒட்டிக்கொண்டிருந்தது, அதுவும் பிய்ந்துகொண்டே இருந்தது.

"ஏன்டி வந்தே?" என்றாள் முகிலாயி.

"உன் தாலாட்டு கேட்டுதான் வந்தேன்க்கா."

"தாலாட்டா?" முகிலாயி சிரித்த மாதிரி இருந்தது. "வராதே வராதேன்னு கத்திக்கிட்டிருந்தேன்டி. என்ன கத்தினாலும் இந்தக் காத்து அதத் தூரத்துக்குத் தாலாட்டாத்தான் அனுப்புது. எத்தன பேரு அதக் கேட்டுட்டு வந்தாங்க தெரியுமா. சரி, பேச நேரமில்ல. பக்கவாட்டுல திரும்பிக்கோ. கையெல்லாம் உள்ள மடக்கி மடியக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. கூட்டத்தக் கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது பாதியாவது மிஞ்சும். எனக்குச் சொல்லித் தர யாருமில்ல. நீயாவது பிழைச்சுக்கோ."

கொடியாள் அப்படியே திரும்பினாள். கைகளை மடக்கினாள். மெய்தான், இழுப்பு குறைந்தது. மடி நின்றது. பாதி போதும், பாதி மடியில் இன்னும் எத்தனையோ பிள்ளை பெறலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பயத்துக்கு நடுவிலும் ஒரு நிம்மதி வந்தது.

அப்போது ஆம்பலின் நினைவு வந்தது.

ஓங்கிக் கேட்டா கிளம்பி வந்துடு. சொன்னது அவள்தான். கொடியாள் வந்த வழியைப் பார்த்தாள். வெகுதூரத்தில், அவர்களுடைய மூலையில் இருக்க வேண்டிய வெளிச்சம் அங்கே இல்லை. அது பெருங்கூட்டத்தின் எல்லையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நிறைய பிள்ளை வேண்டும் என்ற ஆசையோடு, சந்தோஷமாக, வந்துகொண்டிருந்தது.

கொடியாள் குரலை அடக்கப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொள்ள வாய் என்று ஒன்று இருந்தால்தானே. பாட்டு உடம்பிலிருந்து வந்தது. வராதே என்று கத்தினாள். தாலாட்டு இன்னும் ஓங்கியது. ஆம்பலின் வெளிச்சம் இன்னும் வேகமாக வந்தது.

தன் குரலே ஆம்பலைக் கொண்டுவந்து கொல்லப்போகிறது என்று கொடியாளுக்குப் புரிந்தது. இனிக் காதுக்குச் சொல்லிப் பயனில்லை. கண்ணுக்குத்தான் ஏதாவது காட்ட வேண்டும். காட்டுவதற்கு அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, நான் நேராத் திரும்பப் போறேன்" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? மடிய விட்டா அது திரும்பி வராது."

"தெரியும்க்கா."

கொடியாள் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினாள். மடக்கிய கைகளை விரித்தாள். மடியை விட்டாள்.

காற்று காத்துக்கொண்டிருந்த மாதிரி மொத்தத்தையும் அள்ளியது. வாயு கிழிந்து கிழிந்து பின்னால் ஓடியது, அவள் வந்த வழியெங்கும் வால்போல நீண்டது. அதில் அங்கங்கே திரண்ட துண்டுகளில் நட்சத்திரங்கள் பிறந்தன. மடியில்லாமல், அம்மா இல்லாமல், இருட்டில் அப்படியே பிறந்து அப்படியே பின்தங்கின. அவை பிறப்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க முடியவில்லை. அதைப் போல ஒரு வேதனையை அவள் அதற்கு முன் பட்டதில்லை.

ஆனால் அந்த வால் நீண்டுகொண்டே போயிற்று. எல்லைவரைக்கும் தெரிகிற மாதிரி நீண்டது. ஆம்பலின் வெளிச்சம் வந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் அவளையும் கனம் பிடித்துக்கொள்ளும். கொடியாள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

வெளிச்சம் மெதுவாகியது. நின்றது.

மூச்சு வாங்காத தாலாட்டு ஒரு பக்கம் ஓங்கிக் கேட்கிறது, பாடுகிறவளின் பின்னாலோ பிள்ளைகள் வழியெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஆம்பல் அதை எவ்வளவு நேரம் பார்த்தாளோ. பிறகு அந்த வெளிச்சம் எல்லையோரமாக வளைந்து, வந்த வழியே திரும்பியது. அவளுடைய பழைய பாட்டு, நாலைந்து பிள்ளைக்குப் பாடுகிற மெல்லிய பாட்டு, தேய்ந்து தேய்ந்து தூரத்தில் போயிற்று. அது முழுவதும் மறையும்வரை கொடியாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாளா?" என்று கேட்டாள் முகிலாயி.

"போயிட்டா."

காற்று இன்னும் அறைந்துகொண்டிருந்தது. வெறும் மடியோடு விழுந்த கொடியாளிடமிருந்து தாலாட்டு இன்னும் ஓங்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. உருண்டைப் பெரியவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "வாம்மா, இடம் இருக்கு" என்றார்கள்.

இன்றைக்கும் பெருங்கூட்டத்துக்குள் விழுகிற சுருளிகளின் பாட்டு அவர்கள் பெற்ற பிள்ளைகளின் கணக்குக்கு மேல் ஓங்கிக் கேட்கிறது. அன்று முதல்தான், அவர்களிடமிருந்து கிழிந்துபோகும் வாலும் வந்த வழியைப் பார்த்தே நீண்டு கிடக்கிறது, பின்னால் யாரும் வந்துவிடக் கூடாதே என்று.