ஐந்நூறு பருக்கை

"கொடுத்தவனைக் கெட்டவன்னு சொல்ற காலம்மா இது" என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

ஆசிரமத்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

தணிகாசலம் ஓய்வு பெற்ற சர்வேயர். வேலைக்காலம் முழுக்கப் பிறத்தியார் நிலத்தில் அளவுச் சங்கிலி பிடித்தவர். ஏக்கரைச் சொன்னால் சென்ட்டாகவும், சென்ட்டைச் சொன்னால் சதுர அடியாகவும் வாய்க்கணக்கிலேயே மாற்றித் தருவார். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் அம்மாவிடம் வழி கேட்பார்கள், அவரிடம் மனையளவு கேட்பார்கள். அவரிடம் நிற்கிற கூட்டம்தான் அதிகம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் குருவாக ஏற்றுக்கொண்டு சில வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா சொன்னதையெல்லாம் கேட்பார். கேட்டதைப் பேருந்து ஏறும்போது மறந்துவிடுவார்.

"யாரு கெட்டவன்னு சொன்னது?"

"என் தங்கச்சி வேதவல்லி. அவ மகளுக்கு தை மாசம் கல்யாணம். ஊரையெல்லாம் கூப்பிட்டுட்டா, என்னைக் கூப்பிடல. ஒரே தாய்மாமன் நான். நான் இல்லாமலே அந்தப் பொண்ணு கழுத்துல மாலை ஏறப்போகுது."

அவர் தோளைத் தட்டிக் காட்டினார்.

"தோள்ல தூக்கி வளர்த்த பொண்ணும்மா."

"ஏன் கூப்பிடலையாம்?"

"அப்பா நிலத்துல அவளுக்குக் குறைச்சுக் கொடுத்துட்டேனாம். பத்தாயிரத்து எண்ணூத்துத் தொண்ணூறு சதுர அடி கொடுத்திருக்கேம்மா! டவுன்ல அவ்வளவு இடம் இருந்தா நாலு வீடு கட்டி வாடகைக்கு விடலாம்."

"பெரிய இடம்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"உங்களுக்கு?"

"எனக்கென்னம்மா. ஏதோ ஒரு மூணு ஏக்கர் கிடக்கு."

அம்மா ஒரு தண்டை ஒடித்துத் தட்டில் போட்டார்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது. ஒரு ஏக்கர்னா எத்தனை சதுர அடி?"

"நாப்பத்து மூவாயிரத்து ஐநூத்து அறுபது."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"அப்ப மூணு ஏக்கர்?"

தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பார்த்துத்தாம்மா சொல்லணும்."

இப்படி அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"சரி, விடுங்க. தங்கச்சிக்குக் கொடுத்ததை ஏக்கர்ல சொல்லுங்க."

"வயலுக்குத்தாம்மா ஏக்கர். வீட்டு மனைக்குச் சதுர அடியிலதான் பேசறது வழக்கம்."

"அவளுது மனையா?"

"இல்ல. அதே வயல்தான். கிழக்கு ஓரம்."

சாப்பாட்டு மணி அடித்தது. அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கீரைத் தட்டோடு எழுந்து போனார்.

பந்தியில் தணிகாசலத்துக்கு அம்மாவின் எதிர் இலை கிடைத்தது. முதல் பேருந்துக்கு ஓடி வந்ததில் தணிகாசலம் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. வயிறு காய்ந்து கிடந்தது.

பரிமாறுகிற கோதண்டம் சோற்றுக் கூடையோடு வந்தார்.

"ஐயாவுக்கு ஐநூறு பருக்கை போடுங்க" என்றார் அம்மா.

கோதண்டம் முழித்தார். "ஐநூறாம்மா?"

"ஐநூறு. குறையக் கூடாது."

தணிகாசலத்துக்குக் கூச்சமாகிவிட்டது. "அவ்வளவு எதுக்கும்மா?" என்றார்.

எண்ணிக்கொண்டிருக்க அது நேரமில்லை. கோதண்டம் உத்தேசமாகக் கரண்டி நுனியில் எடுத்து இலையில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவு இருந்தது.

"எண்ணினா கூடவே இருக்கும்" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கும்மா?"

"எனக்கென்ன. ஏதோ ஒரு மூணு கரண்டி போடுங்க."

மூன்று கரண்டி விழுந்தது. அம்மாவின் இலையில் குவியல் எழுந்தது.

சாம்பார் வந்தது. தணிகாசலத்தின் சோற்றில் குழி பறிக்கக்கூட இடமில்லை. வாளிக்காரர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அம்மா பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"என்ன ஐயா, கை வைக்கலையே? ஐநூறு இருக்கே."

தணிகாசலம் தன் இலையைப் பார்த்தார். எதிர் இலையைப் பார்த்தார். மறுபடியும் தன் இலையைப் பார்த்தார்.

"கால் ஏக்கர்" என்றார்.

அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு நான் கொடுத்தது கால் ஏக்கர்மா."

சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க? பசிக்கலையா?"

"பசிக்குது. வேதவல்லி வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

"அவ இலை போடலைன்னா?"

"போடலைன்னாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வரணும்மா."

"என்ன சொல்வீங்க?"

"அப்பா நிலம் மொத்தத்துலயும் பாதி உனக்குன்னு."

"பாதின்னா எத்தனை சதுர அடி?"

எழுபதாயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து. எண் நாக்கு நுனிவரை வந்து நின்றது. தணிகாசலம் அதை விழுங்கினார்.

"பாதி" என்றார்.