நீலம் எங்கே போனது?

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வழிகாட்டியான ரஹீமா அவரைவிடப் பதினாறு வயது இளையவர். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசிக் கெடு, இன்னும் ஒரே வாரம். தவறினால் ஆறு வருடப் பாடும் வீண்.

அன்று காலை குடுவையைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் ஓடி வந்தார்.

"பாருங்க மேடம்! நீலச் சாயத் தண்ணி இளநி கணக்கா தெளிஞ்சிருச்சுங்க. வெயில்ல வச்சுப் பத்தே நிமிஷம்!"

மாதுளைத் தோல் சாறும் துத்தநாக உப்பும் சிரட்டைக் கரியும் சேர்த்து அவரே செய்த நுண்பொடி. வெயில் பட்டால் அது சாயத்தைச் சிதைத்துவிட வேண்டும்.

ரஹீமா தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வடிகட்டின பொடி எங்கேண்ணா? அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுங்க."

"ஸ்பிரிட் எதுக்குங்க மேடம்? தண்ணிதான் தெளிஞ்சிருச்சே!"

சொல்லி முடிக்கும்போதே, தான் விட்ட படி அவருக்கு நினைவு வந்துவிட்டது. குடுவையை முதலில் அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். பொடி சும்மா உறிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் வெயில். இந்த வேலையில் அது அரிச்சுவடி. அவசரத்தில் அதை விட்டுவிட்டார்.

ரஹீமா பொடியில் ஸ்பிரிட்டை ஊற்றிக் குலுக்கினார். பொடி அடியில் இறங்கியது. மேலே நின்ற ஸ்பிரிட் பளீரென்று நீலம்!

"உங்க கரி முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்குண்ணா. சாயம் சிதையல, உள்ளே போய் ஒளிஞ்சுக்கிச்சு. ஸ்பிரிட் அதை வெளியே இழுத்துருச்சு."

"போச்சுங்க மேடம், எல்லாம் போச்சு."

"எதுவும் போகல. புதுசாப் பொடி போடுங்க. முதல்ல இருட்டு, அப்புறம் வெயில். சாயங்காலம் வரைக்கும் எடுக்காதீங்க."

இருட்டிலேயே தண்ணீர் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்குக் கை பரபரத்தது. ஆனாலும் எடுக்கவில்லை. மொட்டை மாடியில் சோறு தண்ணி மறந்து, நிழல் விழ விழக் குடுவையை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் படியிறங்கி வந்தவர் தண்ணீரைக் காட்டவில்லை.

"மேடம், அந்த ஸ்பிரிட் பாட்டிலைக் கொடுங்க."

வடிகட்டிய பொடியில் ஊற்றினார், குலுக்கினார். ஸ்பிரிட் நிறம் மாறவில்லை. நம்பாமல் இன்னொரு முறை ஊற்றினார். அப்போதும் நீலம் துளிகூட இல்லை. அப்பாடா! வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க மேடம், காலையில தெளிஞ்ச தண்ணியும் பார்க்க இதே மாதிரிதானே இருந்துச்சு. என்னதானுங்க வித்தியாசம்?"

ரஹீமா பாட்டிலை மூடி வைத்தார்.

"காலையில இந்தப் பாட்டிலை நான் கேட்டேன். இப்ப நீங்க கேட்டீங்க."