விசிறிக்கு எதற்கு முறுக்கு?

சின்ன விமானங்களின் மூக்கில் சுழலும் விசிறியைச் செய்கிற தொழிற்சாலை அது. பயிற்சிக்கு வந்த குயிலி வரைந்த விசிறி இறக்கையைப் பார்த்ததும் முதலாளி ராஜரத்தினத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, பிழிஞ்ச துணி மாதிரி? அடியில ஒரு சாய்வு, நுனியில ஒரு சாய்வு! எல்லாத்தையும் ஒரே சாய்வா மாத்து. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குயிலி சட்டென்று ஒரு குடையை எடுத்து நீட்டினாள்.

"மாத்திடறேன் சார். நீங்க குடையைச் சாய்க்காம கேட் வரைக்கும் ஓடிக் காட்டுங்க, போதும்."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று முதலாளி இறங்கினார். மெதுவாக நடந்தவரை முகத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஓடத் தொடங்கியதும் மழை முகத்தில் அறைந்தது. கை தானாகவே குடையை முன்னால் சாய்த்தது.

"ஏன் சார் சாய்ச்சீங்க?"

"வேகமா ஓடினா மழை எதிர்லேர்ந்து வருதே!"

"இறக்கைக்கும் அதே கதைதான் சார். விமானம் முன்னால போறப்ப எதிர்க்காத்து எல்லா இடத்துக்கும் ஒண்ணுதான்; ஆனா அடிப்பக்கம் மெதுவாச் சுத்துது, நுனி பறக்குது. அதனால ஒவ்வொரு இடத்துலயும் காத்து வேற வேற பக்கத்துலேர்ந்து வந்து மோதுது. அங்கங்க இருக்கற வேகத்தைக் கணக்குப் பண்ணித்தான் சாய்வு வச்சேன்."

முதலாளி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "இதை வாயால சொன்னா ஆகாதா?"

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்களே சார்."

அவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.