கூரை ஒழுகுது என்ற கீரி

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காட்டில் இருந்த வளைகளில் எல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டது. மலைச் சரிவில் ஒரு பாறைக் குகை இருந்தது. மூன்று குடும்பங்களும் ஒரு தனிக்கட்டையும் அங்கே வந்து ஒதுங்கினார்கள்.

முதலில் வந்தது கீரி மாசாணம். அதனால் குகையின் மேட்டுப் பக்கம் அதற்குக் கிடைத்தது. கொஞ்சம் கீழே முயல் செல்லக்கனி தன் குட்டிகளோடு படுத்தது. அதற்கும் கீழே முள்ளம்பன்றி உலகம்மையும் அதன் இரண்டு பிள்ளைகளும். வாசலோரம் எறும்பு தின்னும் அழுங்கு சங்கிலி. உடம்பெல்லாம் செதில், அதிகம் பேசாது, யார் என்ன வேலை சொன்னாலும் எழுந்து போய்விடும்.

மாசாணத்தின் மனைவி பேச்சி பத்து நாளைக்கு முன்புதான் இரண்டு குட்டிகளை ஈன்றிருந்தது. ஆகவே மூத்தவன் இசக்கியைத் தூங்க வைக்கும் வேலை மாசாணத்தின் தலையில் விழுந்தது. இசக்கி கொழுகொழுவென்று இருப்பான். பகலெல்லாம் ஓடுவான். படுத்தால் இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டான்.

பழைய வளையில் மணல் தரை. குட்டி தூக்கத்தில் ஒன்றுக்குப் போனால் மணல் உறிஞ்சிவிடும். இங்கே தரை பாறை. அதுவும் சரிந்த பாறை!

மாசாணம் யோசித்து ஒரு இலைக் கோவணம் செய்தது. தேக்கிலையை மடித்தது. கோடையில் சேர்த்து வைத்திருந்த இலவம்பஞ்சை உள்ளே திணித்தது. கொடியால் இசக்கியின் இடுப்பில் கட்டியது.

“பாத்தியா பேச்சி! ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இப்படிப் பஞ்சு கிடைக்காது!”

“விடியட்டும், பாப்போம்” என்றது பேச்சி.

விடிந்தது. கீழேயிருந்து உலகம்மை போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

“யாரு இங்க தண்ணி ஊத்துனது? படுக்கைப் புல்லெல்லாம் நனைஞ்சு கிடக்கு!”

மாசாணம் திரும்பிப் பார்த்தது. இசக்கி தொப்பலாக நனைந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து ஒரு ஈரக்கோடு பாறையில் இறங்கி, முயலின் படுக்கையைத் தொட்டுக்கொண்டு, முள்ளம்பன்றியின் படுக்கைக்குப் போயிருந்தது. குகை முழுக்க ஈர ரோமமும் வௌவால் எச்சமும் நாறியதால் வேறு வாடை எதுவும் தனியாகத் தெரியவில்லை.

மாசாணத்துக்கு முகம் சூடானது. குகைக்கு வந்த அன்று எல்லோர் முன்னாலும் அது சொல்லியிருந்தது: “எங்க பிள்ளையால யாருக்கும் ஒரு தொந்தரவும் வராது!” இப்போது என்ன சொல்வது?

“கூரை ஒழுகுது!” என்று சொல்லிவிட்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. சாய்ந்த வெடிப்பு என்பதால் அந்த வழியாக மழை வரவில்லை, காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

“அதான் விஷயம்!” என்றது உலகம்மை.

சங்கிலி எழுந்தது. கொட்டும் மழையில் பாறைமேல் ஏறி, வெடிப்பைச் சேற்றால் அடைத்துவிட்டு, நனைந்து நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

பேச்சி தன் புருஷனின் காதோரம் வந்தது. “ஏங்க, கூரையா ஒழுகுது?”

“சத்தம் போடாதே! இன்னைக்கு ராத்திரி சரி பண்ணிருவேன்.”

அன்று ராத்திரி ஒரு இலைக்குப் பதில் மூன்று இலை. இரண்டு மடங்கு பஞ்சு. கொடியை இழுத்து இறுக்கிக் கட்டியது. இசக்கி வலியில் அழுதான். “ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது!” என்று அதட்டிப் படுக்க வைத்தது. விடிந்தபோது இசக்கியின் தொடையில் கொடி பதிந்த சிவப்புத் தழும்பு. பாறையில் நேற்றைவிட நீளமான கோடு.

“இன்னும் ஒழுகுதே!” என்றது உலகம்மை.

சங்கிலி மறுபடி ஏறியது. இந்தத் தடவை இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது. ஒரு நகம் பிளந்துபோனது. நொண்டிக்கொண்டே வந்து படுத்தது.

மாசாணம் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டது. மனசுக்குள் குட்டியின்மேல் கோபம் வந்தது. “இன்னைக்கு மத்தியானத்திலேருந்து உனக்குத் தண்ணி கிடையாது!” என்றது.

இசக்கி உதட்டை நக்கிக்கொண்டு திரிந்தான். சாயங்காலம் அப்பா அசந்த நேரம் பார்த்து வாசலுக்கு ஓடினான். குழியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை வயிறு உப்பும் மட்டும் குடித்தான். பிறகு நல்ல பிள்ளையாக வந்து படுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை நடந்ததைச் சொல்லவே வேண்டாம். ஈரம் வாசல்வரை போயிருந்தது! வெடிப்பை அடைத்துவிட்டதால் குகைக்குள் காற்றும் இல்லை. புழுங்கியது. முயல்குட்டிகள் இருமிக்கொண்டிருந்தன.

“சேறு நிக்காது. மேலே ஒரு கல்லை உருட்டி வைக்கணும்!” என்றது உலகம்மை.

சங்கிலி எழுந்தது. பிளந்த நகத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனது. வெளியே மழை திரை கட்டியதுபோல் விழுந்துகொண்டிருந்தது. பாறைக்குக் கீழே ஓடை சுழித்து ஓடும் சத்தம் கேட்டது. அங்கே வழுக்கி விழுந்தால் எடுக்க ஆள் இல்லை.

மாசாணம் பேச்சியைப் பார்த்தது. பேச்சியின் கண்கள் சங்கிலியின் தூக்கிய காலின்மேல் இருந்தன.

“சங்கிலி, நில்லு!”

சங்கிலி திரும்பியது.

“கூரை ஒழுகலை. எங்க பிள்ளைதான் ராத்திரி ஒன்னுக்குப் போறான். மொத நாளே எனக்குத் தெரியும்.”

உலகம்மையின் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. “மூணு நாளா எங்களை அண்ணாந்து பாக்க வச்சீரே! இந்தப் பாவி மனுசன் காலை உடைச்சுக்கிட்டு வந்தானே!”

மாசாணத்தால் தலையைத் தூக்க முடியவில்லை.

“அப்போ நான் மேலே ஏற வேண்டாம்ல?” என்று கேட்டது சங்கிலி.

“வேண்டாம்.”

“நல்லது” என்றது சங்கிலி. அப்படியே வாசலோரம் சுருண்டு படுத்துத் தூங்கிப் போனது.

அது திட்டியிருந்தால்கூட மாசாணத்துக்கு இவ்வளவு உறைத்திருக்காது. மழையில் இறங்கி, தானே பாறைமேல் ஏறியது. இரண்டு நாள் சேற்றையும் கையால் தோண்டி எடுத்தது. குகைக்குள் குளிர்ந்த காற்று வந்ததும் முயல்குட்டிகளின் இருமல் தணிந்தது. திரும்பி வந்து தன் படுக்கையைச் சுருட்டி, “மேட்டு இடத்தை நீ எடுத்துக்கோ சங்கிலி. நாங்க வாசலுக்குப் போறோம்” என்றது. தூங்குகிறவனிடம் சொன்னதால் பதில் வரவில்லை. ஆனாலும் மாசாணம் குடும்பத்தோடு வாசலுக்கு மாறிக்கொண்டது.

செல்லக்கனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “அண்ணாச்சி, பிள்ளைக்கு எங்கே நனைஞ்சிருக்கு? முன்னாலயா, பின்னாலயா?”

“தெரியலையே.”

“மூணு நாளாத் தொடைச்சிருக்கீக. எங்கேயிருந்து வருதுன்னு ஒரு தடவையாவது பாத்தீகளா?”

மாசாணம் அப்போதுதான் குனிந்து பார்த்தது. இசக்கியின் வயிற்றுப் பக்கம்தான் ஈரம். முதுகுப் பக்கத்து இலை அப்படியே காய்ந்து கிடந்தது.

“இவன் குப்புறப் படுக்கிறான்” என்றது செல்லக்கனி. “நீங்க பின்னால பஞ்சை அடைச்சு என்ன பிரயோசனம்? முன்னால வைங்க.” பஞ்சைப் பிதுக்கிக் காட்டியது. “பாருங்க, பஞ்சுக்குள்ள ஈரமே இல்லை! இலவம்பஞ்சு தண்ணியைக் குடிக்காது, வெளியே தள்ளிரும். பாறை இடுக்குல காஞ்ச பாசி கிடக்கு பாருங்க, அது குடிக்கும்.”

“இலையை இறுக்கித்தான் கட்டினேன்...”

“இறுக்கினா நிக்குமா? பிள்ளை வளந்துட்டான், இலை சின்னது. பெரிய இலையா எடுங்க. தொடையோரம் இலை உள்பக்கமா மடங்கியிருந்தா அந்த வழியாத்தான் வடியும். சுத்தி வெளியே இழுத்து விடுங்க. கட்டுக்குள்ள உங்க விரல் ஒன்னு நுழையணும், அவ்வளவுதான்.”

“தண்ணி?”

“பகலெல்லாம் நல்லாக் கொடுங்க. படுக்கிறதுக்கு முன்னால வயிறு முட்டக் கொடுக்காதீக. வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் ஒன்னுக்கு இருக்க வச்சு, புதுசாக் கட்டிப் படுக்க வைங்க.” முயல் இசக்கியின் தழும்பை நக்கிக் கொடுத்தது. “தூங்குற பிள்ளைக்குத் தான் போறதே தெரியாது. அவனைத் திட்டாதீக.”

அன்று மாசாணம் எல்லாவற்றையும் செல்லக்கனி சொன்னபடியே செய்தது. இரவில் நான்கு தடவை எழுந்து தரையைத் தடவிப் பார்த்தது. விடிந்தபோது உள்ளங்கை அளவு ஈரம். ஒரு தொடைப் பக்கம் இலை மடங்கியிருந்தது. அன்று இரவு அதையும் சரியாக இழுத்து விட்டது.

அடுத்த நாள் காலை தரை முழுக்கக் காய்ந்திருந்தது. இசக்கி சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, “அப்பா, பசிக்குது!” என்றான். மாசாணம் அவனைத் தூக்கி உச்சி முகர்ந்தது.

இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் வெயில் அடித்தது. மாசாணம் வாசலில் பாசியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தது. உலகம்மை மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. ஓடையைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது.

“சும்மா கேக்கேன்... இந்தப் பாசி எங்கே கிடைக்குது?”

“யாருக்கு, அக்கா?”

உலகம்மை பாசியைக் காலால் தொட்டுப் பார்த்தது. பிறகு மெதுவான குரலில், “எங்க சின்னவனுக்கு. உங்க பிள்ளை நனைச்ச நாள்லயும் பாதி ஈரம் அவனோடதுதான்” என்றது.

மாசாணம் சிரிக்கவில்லை. காய்ந்த பாசியில் பாதியை அள்ளி அதன் முன்னால் வைத்தது. “அவன் எப்படிப் படுப்பான் அக்கா? குப்புறவா, மல்லாக்கவா? அதை முதல்ல பாத்துக்கிடுங்க” என்றது.

தன் வீட்டுக் குறையை மறைக்கப் பொய் சொல்கிறவன் பிறரையும் வீண்பாடு படுத்துகிறான். வெட்கத்தை விட்டு, அந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவனே அதைத் தீர்க்கிறான்.